அடமானப் பத்திரங்களில் வரும் சுருக்கங்கள்: எதை விரிப்பது, எதை அப்படியே விடுவது?

தாள்மடி எழுதியது:

வணக்கம். ஒரு கட்டுப் பத்திரங்கள் தமிழாக்கத்துக்கு வந்திருக்கின்றன. அமெரிக்காவில் வீடு வாங்கியிருந்த ஒருவர் காலமாகிவிட்டார். இந்தியாவிலும் வங்கிக் கடனில் வாங்கிய அடுக்ககக் குடியிருப்பு ஒன்று அவருக்கு இருக்கிறது. இரண்டு கடன்களின் தாள்களும் ஒரே கோப்பில். வாரிசுகளில் ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்கள் உண்டு. எவ்வளவு பாக்கி, யாருக்குப் பாக்கி, வீட்டை வைத்துக்கொள்வதா விற்பதா என்பதையெல்லாம் இந்தத் தமிழாக்கத்தைப் படித்துத்தான் முடிவு செய்யப்போகிறார்கள்.

வாக்கியங்களில் சிக்கல் இல்லை. சுருக்கங்களில்தான் கை நின்றுபோகிறது. அமெரிக்கத் தாளில் கடன் 2,40,000 டாலர், 30 ஆண்டு, 6 சதவீத நிலையான வட்டி என்று தெளிவாக இருக்கிறது. அதன் கீழே மாதாந்தரத் தொகை என்ற தலைப்பில் மூன்று வரிகள்: பி.ஐ. 1,438.92, எம்.ஐ. 118.00, டி.ஐ. 402.50. கூட்டுத்தொகை 1,959.42. இந்தியத் தாள்களில் பி.எஃப்., ஓ.டி., ஈ.எம்., எஃப்.சி. எல்லாம் வருகின்றன.

இணையத்தில் தேடினால் ஒவ்வொன்றுக்கும் பல விரிவுகள் கிடைக்கின்றன. பி.ஐ. என்பது சொத்துக் காப்பீடாகவும் இருக்கலாம், முன்கூட்டிச் செலுத்திய வட்டியாகவும் இருக்கலாம், அசலும் வட்டியுமாகவும் இருக்கலாம். நீங்கள் எல்லாம் இதை எப்படிக் கையாளுகிறீர்கள்?


சொல்லேர் எழுதியது:

என் வழி இதுதான்: விரிக்கவே விரிக்காதீர்கள். மூலத்தில் இரண்டு எழுத்து என்றால் தமிழிலும் இரண்டு எழுத்துதான். பத்திரம் எழுதியவர் மனதில் என்ன இருந்தது என்று சொல்வது நம் வேலை இல்லை. சான்றளித்த மொழிபெயர்ப்பு என்று அடியில் கையெழுத்துப் போடுகிறோம். நாளைக்கு வழக்கு என்று வந்து, இந்த விரிவு எங்கிருந்து வந்தது என்று எதிர்த்தரப்பு கேட்டால் மூலத்தில் ஒரு வரியைக் காட்டத் தெரிய வேண்டும். காட்ட முடியாததை எழுதக் கூடாது. பி.ஐ. என்றே எழுதிவிட்டு நகருங்கள்.


கடல்தாண்டி எழுதியது:

சொல்லேர் சார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 'பி.ஐ. 1,438.92' என்று எழுதிக் கொடுத்தால் அந்த வாரிசுகளுக்கு அதில் என்ன தெரியும்? அவர்களுக்குப் புரிய வைக்கத்தானே மொழிபெயர்ப்பே. அதோடு, காட்டுவதற்கு மூலத்திலேயே சான்று இருக்கிறது. எண்கள்தான் சான்று.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 6 சதவீதம் என்றால் மாதத்துக்கு அரை சதவீதம். 2,40,000 டாலருக்கு முதல் மாத வட்டி 1,200 டாலர். 30 ஆண்டு என்றால் 360 தவணை. சமத் தவணைக் கணக்கில் போட்டால் மாதத்துக்கு 1,438.92 வருகிறது. காசு பிசகவில்லை. எனவே பி.ஐ. என்பது அசலும் வட்டியும் சேர்ந்த தவணைதான். வேறு எந்த விரிவுக்கும் இந்தத் தொகை வந்து உட்காராது. கோப்பில் தவணை அட்டவணை இருந்தால் இரண்டாவது வரியையும் பாருங்கள். முதல் தவணையில் 238.92 அசலுக்குப் போயிருக்கும், பாக்கி 2,39,761.08, இரண்டாம் மாத வட்டி 1,198.81. அப்படி இருந்தால் சந்தேகமே இல்லை.

டி.ஐ.க்கு வேறு வழி. உரிமைக் காப்பீட்டுக்கும், அதாவது சொத்தின் உரிமையில் பின்னால் வில்லங்கம் வந்தால் ஈடுசெய்யும் காப்பீட்டுக்கும், டி.ஐ. என்று எழுதுவது உண்டு. ஆனால் உரிமைக் காப்பீட்டுக்கான பணத்தை வீடு வாங்கும்போது ஒரே தடவைதான் கட்டுவார்கள். உங்கள் தாளில் அது மாதாந்தரத் தொகைக்குள் இருக்கிறது. மாதா மாதம் வருவது வரியும் வீட்டுக் காப்பீடும். கடன் நிறுவனம் அதை மாதந்தோறும் வாங்கி ஒரு தனிக் கணக்கில் சேர்த்து வைத்து, உரிய காலத்தில் வரி அலுவலகத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் கட்டும். ஒரு தொகை ஒருமுறை வருவதா, திரும்பத் திரும்ப வருவதா என்று பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.


தாள்மடி எழுதியது:

மிக்க நன்றி. அட்டவணை இருக்கிறது. நீங்கள் சொன்ன இரண்டு எண்களும் அப்படியே இருக்கின்றன. எம்.ஐ. எப்படி? மாதத் தவணை என்று ஒரு இணையப் பக்கம் சொல்கிறது, 118 டாலர் தவணையாக இருக்க முடியாது என்பது தெரிகிறது. அடமானக் காப்பீடு என்று போடலாமா?


கடல்தாண்டி எழுதியது:

வீட்டின் விலை எவ்வளவு என்று கோப்பில் இருக்கிறதா பாருங்கள். அமெரிக்காவில் வழக்கமான வீட்டுக் கடன் சொத்து மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டினால் பெரும்பாலும் இந்தக் காப்பீட்டைக் கேட்பார்கள். 60 சதவீதக் கடனில் எம்.ஐ. என்று ஒரு வரி வந்தால் நான் சந்தேகப்படுவேன்.


தாள்மடி எழுதியது:

கிரையத் தொகை 2,55,000 டாலர். அப்படியானால் கடன் 94 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே வருகிறது.


கடல்தாண்டி எழுதியது:

அப்படியானால் பொருந்துகிறது. 118 டாலரை 12 மாதத்துக்குப் பெருக்கினால் 1,416. கடன் தொகையில் 0.59 சதவீதம். அந்தக் காப்பீட்டுக்கு ஏற்ற விகிதம்தான்.

ஆனால் 'அடமானக் காப்பீடு' என்று மட்டும் எழுதாதீர்கள், தயவுசெய்து. கடன் வாங்கியவர் இறந்துவிட்ட கோப்பு இது. அந்தச் சொல்லைப் பார்த்ததும், அவர் போனபிறகு காப்பீட்டு நிறுவனம் கடனை அடைத்துவிடும் என்றுதான் குடும்பம் நினைக்கும். இது அந்தக் காப்பீடு இல்லை. கடன் வாங்கியவர் கட்டாமல் போனால் கடன் கொடுத்தவருக்கு வரும் நட்டத்தை ஈடுசெய்யும் காப்பீடு. பணத்தைக் கட்டுவது கடனாளி, பாதுகாப்பு கடன் கொடுத்தவருக்கு. 'கடன் கொடுத்தவரின் நட்டத்துக்கான அடமானக் காப்பீடு' என்று நீளமாகவே எழுதுங்கள். இந்த இடத்தில் சுருக்கத்தைச் சரியாக விரித்தும் ஆள் தவறாகப் புரிந்துகொள்ள வழி இருக்கிறது.

இன்னொன்று. 1998-இல் வந்த வீட்டு உரிமையாளர் பாதுகாப்புச் சட்டப்படி, பாக்கி அசல் வீட்டின் ஆரம்ப மதிப்பில் 80 சதவீதமாகும்போது தனியார் காப்பீட்டை நீக்கச் சொல்லி கடனாளி கேட்கலாம். ஒழுங்காகக் கட்டிவந்தால், அட்டவணைப்படி 78 சதவீதம் ஆகும்போது தானாகவே நீங்க வேண்டும். அதனால் ஆரம்ப காலத் தாள்களில் எம்.ஐ. இருந்து, பின்னால் அந்த வரி மட்டும் காணாமல் போனால் அதுவும் ஒரு சான்று. எம்.ஐ.பி. என்று மூன்று எழுத்தாக இருந்தால் அது அரசு வீட்டுவசதி நிர்வாகம் காப்பீடு கொடுத்த கடனாக இருக்கும். அதற்கு விதிகள் வேறு.


வரவுசெலவு எழுதியது:

வங்கியில் கடன் பிரிவில் நெடுங்காலம் இருந்தவன். இந்தியத் தாள்களைப் பற்றி நான் சொல்கிறேன்.

பி.எஃப். ஒரே கோப்பில் இரண்டு பொருளில் வரும், அதுதான் அதில் ஆபத்து. கடன் அனுமதிக் கடிதத்தில் பி.எஃப். என்றால் பரிசீலனைக் கட்டணம். அதே கோப்பில் வருமானச் சான்றாக இணைத்திருக்கும் சம்பளச் சீட்டில் பி.எஃப். என்றால் வருங்கால வைப்பு நிதி. கணினியில் ஒரே கட்டளையில் கோப்பு முழுக்க மாற்றுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அடுத்த வரியைப் பார்த்தால் போதும். பி.எஃப். 10,000 என்று இருந்து அதன் கீழே ஜி.எஸ்.டி. 1,800 என்று இருந்தால், அது 18 சதவீதம், வங்கிச் சேவைக்கான வரி. வைப்பு நிதிப் பிடித்தத்துக்கு யாரும் ஜி.எஸ்.டி. போடமாட்டார்கள். 2017 ஜூலைக்கு முந்தைய தாளாக இருந்தால் அந்த இடத்தில் சேவை வரி என்று இருக்கும்.

ஓ.டி. விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். மிகைப்பற்றும் (ஒரு வரம்புக்குள் வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் கடன்) ஓ.டி.தான், தவணை தவறி நிற்கும் பாக்கியும் ஓ.டி.தான். பக்கத்தில் 'லிமிட்' என்று இருந்தால் மிகைப்பற்று. பக்கத்தில் தவறிய நாள்களைக் காட்டும் டி.பி.டி. என்ற கட்டம் இருந்தால் தவறிய பாக்கி. 'ஓ.டி. இன்ட்.' என்று மொட்டையாக வரும்போதுதான் கஷ்டம். மிகைப்பற்றுக்கான சாதாரண வட்டியா, தாமதத்துக்குப் போட்ட வட்டியா? சாதாரணமாக வீட்டுக் கடன் தவணைக் கடன் என்பதால் தாமத வட்டி என்று போட்டுவிடத் தோன்றும். அவசரப்படாதீர்கள். வீட்டுக் கடனையே மிகைப்பற்றுக் கணக்காக நடத்தும் திட்டங்களும் வங்கிகளில் உண்டு. கையில் உபரிப் பணம் இருந்தால் அந்தக் கணக்கில் போட்டுவைக்கலாம், வேண்டும்போது எடுக்கலாம், வட்டி குறையும். அதனால் கணக்கு அறிக்கையில் கடனாளி பணம் எடுத்த பதிவுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். தவணைக் கடன் கணக்கில் பணம் எடுக்க முடியாது. எடுத்திருந்தால் மிகைப்பற்று.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஒழுங்காகக் கட்டிவந்த மனிதரை ஒரு சொல்லில் தவணை தவறியவராக ஆக்கிவிடலாம். அவர் இப்போது எழுந்து வந்து இல்லை என்று சொல்ல முடியாது.


தாள்மடி எழுதியது:

பணம் எடுத்த பதிவுகள் நிறைய இருக்கின்றன, லிமிட் கட்டமும் இருக்கிறது. மிகைப்பற்றுதான். எல்லோருக்கும் நன்றி. ஈ.எம். பற்றி யாராவது?


ஈட்டுறுதி எழுதியது:

வழக்கறிஞராகச் சொல்கிறேன், உங்கள் பட்டியலிலேயே ஆபத்தானது ஈ.எம்.தான். சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882, பிரிவு 58-ஐ எடுத்துப் பாருங்கள். அதில் அடமான வகைகள் வரிசையாக வருகின்றன. உட்பிரிவு (இ) ஆங்கில முறை அடமானம். உட்பிரிவு (எஃப்) உரிமைப் பத்திரங்களை ஒப்படைத்துச் செய்யும் அடமானம். இரண்டாவதை வங்கி வழக்கில் 'ஈக்விட்டபிள் மார்ட்கேஜ்' என்பார்கள். இரண்டையும் ஆங்கிலத்தில் சுருக்கினால் ஈ.எம்.தான். ஒரே சட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை.

விளைவோ வெவ்வேறு. ஆங்கில முறை அடமானத்தில், குறித்த நாளில் பணம் கட்டுவதாக உறுதி சொல்லி, கட்டினால் திருப்பி எழுதித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை அடமானம் பெறுபவருக்கு முழுமையாக மாற்றிக் கொடுக்கிறார்கள். பத்திர ஒப்படைப்பில் சொத்து யார் பேருக்கும் மாறுவதில்லை. கடனுக்குப் பிணையாக மூலப் பத்திரங்களைக் கடன் கொடுத்தவரிடம் ஒப்படைக்கிறார்கள். முதலாவது என்று தமிழில் எழுதிவிட்டால், அடுக்ககம் வங்கியின் பேரில் மாறிவிட்டது என்று வாரிசுகள் எண்ணிவிடுவார்கள்.

எது என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஈ.எம். என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எந்த நாளில், எந்தக் கிளையில், என்னென்ன பத்திரங்கள் ஒப்படைக்கப்பட்டன என்ற பட்டியல் இருந்தால் அது 58(எஃப்). எம்.ஓ.டி. அல்லது எம்.ஓ.டி.டி. என்று கோப்பில் வேறு எங்காவது இருந்தால் அதுவும் ஒப்படைப்புக் குறிப்பாணையைத்தான் குறிக்கும். வீட்டுக் கடன்களில் மிகப் பெரும்பாலும் இதுதான் இருக்கும். இருந்தாலும் 'பெரும்பாலும்' என்பதை வைத்து எழுதாதீர்கள், பட்டியலைப் பார்த்து எழுதுங்கள்.

எஃப்.சி.க்கும் இதே நிலை. இந்திய வங்கித் தாளில் 'ஃபோர்குளோஷர்' என்றால் கடனாளி காலத்துக்கு முன்பே முழுக் கடனையும் அடைத்து முடிப்பது, நல்ல செய்தி. அமெரிக்கத் தாளில் அதே சொல் கடன் கொடுத்தவர் வீட்டைப் பறித்து விற்கும் நடவடிக்கை. உங்கள் கோப்பில் இரண்டு நாட்டுத் தாள்களும் கலந்து கிடக்கின்றன. ஒவ்வொரு பக்கமும் எந்த நாட்டுத் தாள் என்று மேலே பென்சிலால் குறித்துவிட்டு ஆரம்பியுங்கள்.


நிழல்வாசகன் எழுதியது:

இதோடு சேர்த்துக் கேட்டுவிடுகிறேன். தொகைக்குப் பின்னால் ஒட்டி வரும் எழுத்துகளும் இப்படித்தானே? ஒரு மதிப்பீட்டாளர் அறிக்கையில் '1.15 சி.ஆர்.' என்று இருந்தது, கூடவே வந்த வங்கி அறிக்கையில் '42,310 சி.ஆர்.' என்று இருந்தது. முதலாவது கோடி, இரண்டாவது வரவு. சரிதானே?


வரவுசெலவு எழுதியது:

சரிதான். மதிப்பீட்டில் ஒன்றிரண்டு தசமத்தோடு வந்தால் கோடி. கணக்கு அறிக்கையில் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் டி.ஆர்., சி.ஆர். என்று மாறி மாறி வந்தால் பற்று, வரவு. ஒன்று மட்டும் மறந்துவிடாதீர்கள்: கடன் கணக்கில் டி.ஆர். இருப்பு என்றால் கடனாளி வங்கிக்குக் கொடுக்க வேண்டியது. சேமிப்புக் கணக்கில் பழகிய கண்ணுக்கு அது தலைகீழாகத் தெரியும். கடன் கணக்கில் சி.ஆர். இருப்பு என்றால் கடனாளி கூடுதலாகக் கட்டியிருக்கிறார், அது அவருக்குத் திரும்ப வர வேண்டிய பணம்.


கடல்தாண்டி எழுதியது:

அமெரிக்கத் தாளில் 'எம்.' என்ற ஒற்றை எழுத்தும் உண்டு. இலத்தீன் வழக்கப்படி எம். என்றால் ஆயிரம், எம்.எம். என்றால் பத்து லட்சம். பழைய கடன் தாள்களில் 250 எம். என்று இருந்தால் இரண்டரை லட்சம்தான், 25 கோடி இல்லை. புதிய தாள்களில் எம். என்றே மில்லியனுக்கும் போடுகிறார்கள். தவணைத் தொகையை வைத்துச் சரிபார்த்தால் ஆயிரம் மடங்கு வித்தியாசம் பளிச்சென்று தெரிந்துவிடும்.

மாறும் வட்டிக் கடன்களில் 5/1 என்று வருவதைத் தேதி என்று நினைத்து 'மே 1' என்று எழுதிய தமிழாக்கம் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். முதல் 5 ஆண்டு வட்டி மாறாது, அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறை மாறும் என்பது பொருள். 5/6 என்றால் அதன்பின் 6 மாதத்துக்கு ஒரு முறை. இரண்டாவது எண் ஒன்றில் ஆண்டுக் கணக்கு, மற்றதில் மாதக் கணக்கு. ஏ.பி.ஆர். என்பதும் அப்படியே. கட்டணங்களும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டுச் செலவு விகிதமாகவும் இருக்கலாம், ஏப்ரல் மாதமாகவும் இருக்கலாம். பக்கத்தில் சதவீதக் குறி இருக்கிறதா, நாள் எண் இருக்கிறதா என்று பாருங்கள்.


வரவுசெலவு எழுதியது:

தாளின் ஆண்டும் நல்ல துணை. இதை யாரும் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன். பி.ஆர். என்றால் அடிப்படை வட்டி விகிதம், கிளை, இரண்டும் வரும். அடிப்படை விகித முறையை ரிசர்வ் வங்கி கொண்டுவந்தது 2010 ஜூலையில். 2008-இல் எழுதிய கடன் ஒப்பந்தத்தில் பி.ஆர். என்று இருந்தால் அந்த அடிப்படை விகிதமாக இருக்க வழியே இல்லை. வங்கி நிதி திரட்டும் செலவைக் கொண்டு கணக்கிடும் எம்.சி.எல்.ஆர். வட்டி முறை 2016 ஏப்ரலில் வந்தது. மாறும் வட்டி வீட்டுக் கடன்களை ரெப்போ (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி விகிதம்) போன்ற வெளி விகிதத்தோடு இணைக்க வேண்டும் என்ற விதி 2019 அக்டோபரிலிருந்து. எந்த முறை எந்த ஆண்டில் இருந்தது என்று தெரிந்தால் பொருந்தாத விரிவுகள் தாமாகவே விழுந்துவிடும்.


கடல்தாண்டி எழுதியது:

அமெரிக்கப் பக்கத்திலும் உண்டு. வீடு வாங்கும் நாளில் தரும் இறுதிக் கணக்குத் தாளை இப்போது சி.டி. என்கிறார்கள். அந்தப் படிவம் 2015 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய வீட்டுக் கடன் கோப்பில் சி.டி. என்று வந்தால், சொத்து விவரத்தில் காட்டிய வைப்புச் சான்றிதழாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.


சொல்லேர் எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். எண்ணோ ஆண்டோ பத்திரப் பட்டியலோ நிரூபிக்கும் இடத்தில் விரிக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். காட்ட ஒரு வரி வேண்டும் என்றுதான் நானும் சொன்னேன், அந்த வரி கிடைத்துவிட்டது. ஆனால் ஒரு விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. விரிவை எழுதும்போது மூலச் சுருக்கத்தை அழிக்கக் கூடாது. முதல் தடவை வரும் இடத்தில் இரண்டும் இருக்க வேண்டும். வங்கியில் போய்ப் பேசும்போது வாரிசு அந்த எழுத்துகளைக் கையால் தொட்டுக் காட்டிக் கேட்க வேண்டுமே.

நிரூபிக்க முடியாத இடத்தில் 'அநேகமாக', 'இருக்கலாம்' என்றெல்லாம் மொழிபெயர்ப்புக்குள் எழுதாதீர்கள். சுருக்கத்தை அப்படியே விட்டு, அடியில் குறிப்புப் போடுங்கள். குறிப்பும் சுத்தமாக இருக்க வேண்டும்: 'மூலத்தில் இந்த இரண்டு எழுத்துகள் மட்டுமே உள்ளன, இவற்றின் விரிவு கோப்பில் எங்கும் தரப்படவில்லை.' அவ்வளவுதான். அதற்குமேல் நம் ஊகத்தைச் சேர்த்தால், நாளடைவில் அதுவே மூலம் சொன்னது போல ஆகிவிடும்.


ஈட்டுறுதி எழுதியது:

கடைசி வரியை நானும் ஆமோதிக்கிறேன். குறிப்பில் எழுதிய ஊகத்தையே மனுவில் எடுத்து வைத்து வாதாடுவதைப் பார்த்திருக்கிறேன்.


எழுத்தாணி எழுதியது:

எல்லோரும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வருவதைப் பேசுகிறீர்கள். தமிழ்ப் பத்திரங்களை ஆங்கிலமாக்குகிறவர்களுக்கும் இதே பாடு உண்டு.

'ப.எண்' என்று ஒரு அடமானப் பத்திரத்தில் இருந்தால் பட்டா எண்ணா, பழைய எண்ணா, பத்திர எண்ணா, பதிவு எண்ணா? 'பு.எண்' என்றால் புல எண்ணா, புதிய எண்ணா? இரண்டும் ஜோடியாக, கதவிலக்கத்துக்குப் பக்கத்தில் வந்தால் பழையது, புதியது. 142/3பி என்று உட்பிரிவோடு வந்தால் புல எண். ஆண்டைச் சேர்த்து 1342/1987 என்று வந்தால் பத்திர எண். வடிவமே பேசிவிடும்.

பழைய கையெழுத்துப் பத்திரங்களிலும் கணக்கேடுகளிலும் ௶, ௷ என்ற குறிகள் வரும். முதலாவது பற்று, இரண்டாவது வரவு. ௸ என்றால் மேற்படி. இதில் மேற்படிதான் தொல்லை. '௸ தொகை', '௸ சொத்து' என்று வரும்போது எந்தத் தொகை, எந்தச் சொத்து என்று பின்னோக்கிப் போய்த் தேட வேண்டும். இரண்டு கடன்கள் பேசப்படும் பத்திரத்தில் ௸ தொகை என்பது முதல் கடனா, பின்னால் வாங்கிய கூடுதல் கடனா? ஆங்கிலத்தில் 'மேலே சொன்ன தொகை' என்று பொதுவாக வைத்துவிடுவதுதான் நல்லது. எந்தத் தொகை என்று நாமாகத் தேர்ந்தெடுத்தால் பத்திரத்தில் இல்லாத தீர்ப்பை எழுதியதாகிவிடும்.

வட்டியையும் சொல்லியாக வேண்டும். தனியார் கொடுக்கல் வாங்கல் பத்திரங்களில் '2 வட்டி' என்றோ '2% வட்டி' என்றோ மட்டும் இருக்கும். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்பது நம் வழக்கு, அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம். ஆங்கிலத்தில் வெறும் இரண்டு சதவீதம் என்று போட்டால் படிக்கிறவர் ஆண்டுக்கு இரண்டு என்றே எடுத்துக்கொள்வார். ஒரு லட்சம் கடனுக்கு ஆண்டு வட்டி 24,000 ரூபாயா, 2,000 ரூபாயா என்ற வித்தியாசம். பத்திரத்தின் பின்புறத்தில் வட்டி வரவு வைத்த பதிவுகள் இருந்தால் அதைக் கொண்டு காலத்தை உறுதி செய்யலாம். ஒரு லட்சத்துக்கு மாதா மாதம் 2,000 வரவு என்று இருந்தால் முடிந்தது. பதிவு எதுவுமே இல்லை என்றால் 'மாதத்துக்கு' என்பதை நாமாகச் சேர்க்கக் கூடாது. காலம் குறிப்பிடப்படவில்லை என்று அடிக்குறிப்பு போட்டே ஆக வேண்டும்.


தாள்மடி எழுதியது:

எழுத்தாணி ஐயா, இதைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்கிறேன். என் கோப்பில் இன்னும் மூன்று பாக்கி. டி.ஓ.டி. என்று இரண்டு நாட்டுத் தாளிலும் வருகிறது. அமெரிக்கப் பத்திரத்தின் தலைப்பில் டி.ஓ.டி. அல்ல, டி.ஓ.டீ. போல ஒன்று, கடைசி எழுத்து 'டிரஸ்ட்' என்பதன் முதல் எழுத்து. அப்புறம் அமெரிக்கக் கணக்கு அறிக்கையில் 'சி.ஏ. 85.00' என்று ஒரே ஒரு தடவை.


கடல்தாண்டி எழுதியது:

டி.ஓ.டி. அமெரிக்க வாரிசுத் தாளில், சொத்து மதிப்புக்குப் பக்கத்தில் வந்தால் இறந்த தேதி. அன்றைய சந்தை மதிப்பைத் தனியாகக் குறிப்பதற்குக் காரணம் இருக்கிறது. வாரிசு பின்னால் வீட்டை விற்றால் அமெரிக்க வருமான வரிக்கு ஆதாயத்தைப் பொதுவாக அந்த மதிப்பிலிருந்துதான் கணக்கிடுவார்கள், இறந்தவர் வாங்கிய விலையிலிருந்து இல்லை. இந்திய வங்கித் தாளில் கடன் தொகைக்குப் பக்கத்தில் வந்தால் கடன் பட்டுவாடா செய்த தேதியாக இருக்கும். இறப்புச் சான்றிதழில் உள்ள தேதியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் உடனே பிரிந்துவிடும்.

தலைப்பில் இருப்பது டீட் ஆஃப் டிரஸ்ட். அமெரிக்காவின் பல மாநிலங்களில் அடமானப் பத்திரத்துக்குப் பதிலாக இதைத்தான் எழுதுகிறார்கள். கடன் வாங்கியவர், கடன் கொடுத்தவர், நடுவில் ஒரு பொறுப்பாளர் என்று மூன்று பேர் இருப்பார்கள். கடன் அடையும்வரை பொறுப்பாளர் பேரில் உரிமை பெயரளவில் இருக்கும்.


ஈட்டுறுதி எழுதியது:

அதை 'அறக்கட்டளைப் பத்திரம்' என்று எழுதிவிடாதீர்கள் தாள்மடி மேடம். அகராதியில் டிரஸ்ட் என்று தேடினால் அதுதான் முதலில் வரும். வீட்டைத் தர்ம காரியத்துக்கு எழுதி வைத்துவிட்டார் என்று உறவுக்குள் சண்டை வந்துவிடும். 'பொறுப்பாளர் வழி அடமானப் பத்திரம்' என்று எழுதி, மூன்று தரப்பும் யார் யார் என்று மூலத்தில் உள்ளபடி காட்டுங்கள்.

சி.ஏ. 85.00-க்கு ஊகம் வேண்டாம். கடனாளி சார்பில் நிறுவனம் முன்பணமாகக் கட்டிய செலவாகவும் இருக்கலாம், உள்ளூர் வரி விதிப்பாகவும் இருக்கலாம், கணக்குத் திருத்தமாகவும் இருக்கலாம். ஒரே தடவை வந்திருக்கிறது, சரிபார்க்கக் கணக்கும் இல்லை. சொல்லேர் சார் சொன்ன குறிப்பைப் போடுங்கள். அதோடு கட்சிக்காரரிடம் ஒன்று சொல்லுங்கள். அமெரிக்க விதிப்படி, வீட்டுரிமை பெற்ற வாரிசு என்று கடன் நிறுவனம் உறுதி செய்துவிட்டால், கடனாளியைப் போலவே அவரும் எழுத்தில் தகவல் கேட்கலாம். கடிதம் கிடைத்ததாக 5 வேலை நாளுக்குள்ளும், பதிலைப் பொதுவாக 30 வேலை நாளுக்குள்ளும் அவர்கள் தர வேண்டும். 'சுருக்கங்களை விளக்கவும்' என்று மொத்தமாகக் கேட்கச் சொல்லாதீர்கள், பொதுவான அட்டவணை ஒன்றை அனுப்பி முடித்துவிடுவார்கள். அறிக்கைத் தேதி, அறிக்கையில் அது எத்தனையாவது வரி என்பது, 85.00 என்ற தொகை, இது யாருக்கு எதற்காகக் கட்டப்பட்டது என்ற கேள்வி, நான்கும் கடிதத்தில் இருக்கட்டும்.


தாள்மடி எழுதியது:

கடிதத்தின் வாசகத்தை அவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். பதில் வரும்வரை சி.ஏ. அப்படியே, அடிக்குறிப்போடு. பதில் வந்தால் அதைக் கோப்பில் ஒரு தாளாகச் சேர்த்து, அதையும் மொழிபெயர்த்து இணைக்கிறேன். முதலில் கொடுத்த பக்கத்தைத் திருத்தப்போவதில்லை.


சொல்லேர் எழுதியது:

அதுதான் சரி. இணைக்கும் தாளில் தேதியைப் போட மறக்காதீர்கள்.